ஏசுரத்தினத்தின் சட்டையில் ஸ்பிரிட் வாசனை

ஏசுரத்தினம் மாமா குடிப்பதில்லை. அவருடைய தகப்பனார் சாராயம் குடித்துக் குடித்து, ஒரு தீபாவளிக்கு மறுநாள் புத்தூர் பக்கம் வாய்க்காலில் முகம் குப்புறக் கிடந்து செத்தவர். பதினெட்டாம் வயதில் மிஷன் பங்களாவில் குடிக்கமாட்டேன் என்று அட்டையில் கையெழுத்துப் போட்டார் மகன். அன்றிலிருந்து இருபத்தெட்டு வருடம் சாராயம், கள் எதையும் தொட்டதில்லை. இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்பார். இதை நான் முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. எங்கள் சபையில் இதைத்தான் யாரும் கேட்கத் தயாராக இல்லை.

சித்தூரில் பலமனேர் ரோட்டில் அவருடைய ஷெட் இருந்தது. டீசல் பம்பும் நாசிலும் மட்டும் பார்ப்பார். நாசில் என்பது இஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் மூக்கு. அதன் துளை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அவரிடம் ஒரு பழைய டெஸ்ட் பெஞ்ச். அதில் ஆறு கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நிற்கும். நாசிலைப் பூட்டி, நூறு தடவை பீய்ச்சவிட்டு, குழாயில் எத்தனை சி.சி. இறங்கியது என்று குனிந்து பார்ப்பார்.

"அண்ணா, மேடு ஏறும்போது வண்டி இழுக்கல" என்று லாரி டிரைவர்கள் சொல்வார்கள்.

"இழுக்குதா இல்லியான்னு நீ சொல்லாத. கொழா சொல்லட்டும்" என்பார்.

எழுபத்தெட்டாம் வருடம் நவம்பரில் திருப்பதியிலிருந்து கோவர்த்தனன் என்பவர் ஒரு பியட் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு லாட்ஜ்கள் உண்டு. மகனுக்கு முப்பது வயது. சோழவரத்தில் கார்ப் பந்தயம் ஓட்டுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. காரின் உள்சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார். இஞ்சினில் பெரிய கார்புரேட்டர். பெட்ரோலுக்குப் பதிலாக ஸ்பிரிட் ஊற்றி ஓட்டினால் இஞ்சின் சூடாகாது, வேகம் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பந்தயத்தில் எந்த எரிபொருளும் போடலாமாம்.

நான் அப்போது மாமாவின் ஷெட்டில்தான் இருந்தேன். நான் தமிழில் தொடங்கி, ஹைஸ்கூலில் தெலுங்கில் படித்தவள். மாமாவுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. இஞ்சின் பற்றிய தெலுங்குப் பாடப் புத்தகம் ஒன்றை வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் நான் போய் அதைப் படித்துத் தமிழில் சொல்வேன். அத்தை தபீதாள் காப்பி கொடுப்பார்.

கோவர்த்தனன் ஒரு பொட்டலத்தைப் பிரித்து இரண்டு சிறு பித்தளைத் திருகுகளை எடுத்து வைத்தார். ஜெட் என்பார்கள். கார்புரேட்டருக்குள் எரிபொருளை அளந்துவிடுவது அதுதான். நடுவில் நேராக ஒரு துளை. நூற்றிருபது என்று நம்பர் போட்டிருந்தால் துளை ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.

மாமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க இத்த?"

"பெட்ரோல விட ஸ்பிரிட்டு ஒன்றரை பங்கு வேணுமாமே, அண்ணா. லேத்துக்காரன்கிட்ட குடுத்து நூத்தி இருபத நூத்தி எண்பது பண்ணேன். ஸ்டார்ட்டே ஆவல. ப்ளக்கு எல்லாம் ஈரம்."

"ஆவாது. துளைய ஒன்றரை பங்கு அகலம் பண்ணா ஓடறது ரெண்டே கால் பங்கு. நீங்க இஞ்சினுக்கு ஊத்தல சாமி, குளிப்பாட்டிகினு இருக்கீங்க."

"ரெண்டே காலு எப்படி?"

"ஒன்றரைய ஒன்றரையால பெருக்கிப் பாருங்க. படிச்சவருதானே?"

கோவர்த்தனனின் முகம் கறுத்தது. ஆனாலும் காரை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

மாமாவுக்கு அந்தக் காரைப் பிடிக்கவில்லை. "ஒரு மூட்ட அரிசி ஏத்த முடியுமா இதுல?" என்றார். ஆனால் அளப்பது பிடித்திருந்தது. ஒரு தகரத் தொட்டியைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, அதன் அடியில் ஜெட்டைப் பூட்டி, பெட்ரோல் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று முதலில் அளந்தார். இருநூறு சி.சி. அப்படியானால் ஸ்பிரிட் முந்நூறு வேண்டும். கணக்குப்படி துளை நூற்றி நாற்பத்தேழு. ஆனால் ஸ்பிரிட்டை ஊற்றி அளந்தபோது குறைவாகத்தான் இறங்கியது. பெட்ரோல் அளவுக்கு அது சுலபமாக ஓடவில்லை. கையால் துளையைத் துளித்துளியாக அகலப்படுத்தி, நூற்றைம்பதில் வந்து நிறுத்தினார். கூடவே நூற்றி நாற்பத்தைந்து, நூற்றி ஐம்பத்தைந்து, நூற்றி அறுபது என்று மூன்று ஜோடிகளும் செய்து, நம்பர் பொறித்து, தீப்பெட்டிகளில் போட்டு வைத்தார். இந்த வேலைக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் அவர் ஸ்பிரிட்டில் நனைந்தார்.

ஸ்பிரிட்டைக் கொண்டுவந்து கொடுத்தவன் எர்னஸ்ட். என்னோடு ஞாயிறு பள்ளியில் படித்தவன். ஊருக்கு வெளியே ஒரு ஸ்பிரிட் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். பர்மிட் இல்லாமல் ஒரு சொட்டு வெளியே வரக்கூடாத சரக்கு அது. எர்னஸ்ட் கேன் கேனாகக் கொண்டுவந்தான். அவனுடைய அப்பா தேவானந்தம், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எங்கள் சபைக் கமிட்டியின் செயலாளர். எர்னஸ்ட்டும் கமிட்டியில் இருந்தான், வாலிபர் சங்கத்தின் சார்பில்.

அந்த வாசனையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. புளித்த வெல்லப்பாகின் வாசனை. அதற்கு மேல் மூக்கைக் குத்தும் ஒரு காரம். போதாததற்கு இஞ்சின் வழுவழுப்புக்காக விளக்கெண்ணெய் வேறு கலக்க வேண்டும். நல்ல ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் கரைந்து தண்ணீர்போலத் தெளிந்துவிடும். அது எரிந்து வரும் புகையை முகர்ந்தால், சின்ன வயதில் பேதிக்குக் கொடுத்த நாள் வயிற்றுக்குள் திரும்பி வரும். நான் ஷெட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், வீட்டில் அம்மா என் புடவையைத் தனியாகப் போடச் சொல்வாள்.

தபீதாள் அத்தை, மாமாவின் சட்டைகளை வெளிக்கொடியில் போடுவதை நிறுத்திவிட்டார்.

"வெளிய காயப்போட்டா போறவன் வர்றவனெல்லாம் மூக்கப் புடிச்சிகினு போறான். நாளைக்கு என்னையும் குடிகாரின்னு சொல்லுவாங்க."

"கார் வேலதானே, தபீதா. ஜனவரியோட முடிஞ்சிடும்."

"உனக்குத் தெரியுது. மூக்குக்குத் தெரியுமா?"

ஒரு நாள் மாலை, எர்னஸ்ட் கேனை இறக்கி வைத்துவிட்டு அதிலிருந்தே ஒரு சோடா பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்ததை மாமா பார்த்துவிட்டார். ஊற்றி முடித்ததும் அவன் குழாயடியில் ஒரு சொம்புத் தண்ணீர் பிடித்துக் கேனில் கலந்தான்.

"டேய் எர்னஸ்ட்டு, அது வண்டி துன்றதுடா. நீ ஏண்டா துன்ற?"

அவன் சிரித்தான். "ஒரு சொம்புல வண்டிக்கு இன்னா ஆயிடும், மாமா? அதுக்கும் தாகம் எடுக்காதா?"

"உங்க நைனாவுக்குத் தெரியுமா இது?"

"எங்க நைனா மூக்கு சர்ச்சு வாசல்லதான் வேல செய்யும்" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்த மூக்கைப் பற்றி எழுதும்போதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை. அது முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது கமிட்டிக்காரர்கள் வாசலின் இரண்டு பக்கமும் நிற்பார்கள். குடிப்பதாகச் சந்தேகம் உள்ள ஆளை நிறுத்தி, மூப்பர், பெரும்பாலும் தேவானந்தம்தான், தன் உள்ளங்கையை நீட்டுவார். அந்த ஆள் அதில் ஊத வேண்டும். மூப்பர் கையை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, இழுத்துப் பார்ப்பார். வாசனை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அப்பமும் புளிக்காத திராட்சை ரசமும் கிடையாது. வெள்ளைக்காரப் போதகர்கள் காலத்து வழக்கம் என்பார்கள். அவர்கள் கப்பல் ஏறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இவர்கள் இன்னும் முகர்ந்துகொண்டிருந்தார்கள்.

ஜனவரி ஆயத்த ஆராதனையில் மாமாவை நிறுத்தினார்கள். அவர் ஷெட்டிலிருந்து நேராக வந்திருந்தார். தேவானந்தம் கையை நீட்டினார். பின்னால் பெண்கள் நின்றுகொண்டிருந்தோம். தபீதாள் அத்தையின் கை என் முழங்கையைப் பிடித்தது.

மாமா ஊதினார்.

தேவானந்தம் முகர்ந்தார். அது போதாமல் குனிந்து, மாமாவின் சட்டைக் காலரை இரண்டு விரலால் தூக்கி, அதையும் முகர்ந்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அதே முகம்.

"ஸ்பிரிட்டு" என்றார்.

"சட்டையில இருக்குது, சார். கார் வேல செய்றேன். வாயில இல்ல."

"வெளக்கெண்ணெ வாசன வேற வருது. வாசனைய மறைக்கறதுக்கு வெளக்கெண்ணெ குடிக்கிறாங்கன்னு நான் கேள்விப்பட்டிருக்கேன், ஏசுரத்தினம்."

யாரோ சிரித்தார்கள். வாசலின் மறுபக்கத்தில் பாட்டுப் புத்தகங்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தவன் எர்னஸ்ட். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். அவர் வரிசை எழுந்து முன்னால் போனது. அவர் கால்களைத் தாண்டிப் போனார்கள். சபையில் சேர்ந்ததிலிருந்து அவர் ஒரு திருவிருந்தையும் விட்டதில்லை. காய்ச்சலில் ஒரு தடவை வந்து, பீடத்துக்கு முன்னால் உள்ள தடுப்புக் கம்பியருகே முழங்காலிட்ட இடத்தில் மயங்கி விழுந்தவர். அவருக்கு அது என்ன என்பதை நான் விளக்கப் போவதில்லை. தகப்பனார் வாய்க்காலில் கிடந்தார். மகன் அந்தக் கம்பியின்முன் முழங்காலிட்டார். இரண்டுக்கும் நடுவில்தான் அவருடைய முழு வாழ்க்கையும் இருந்தது.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த வாசனை காரிலிருந்து வந்தது என்று கோவர்த்தனன் ஒரு தடவை வந்து சொல்ல வேண்டும். பஸ் ஏறித் திருப்பதிக்குப் போய் லாட்ஜின் வரவேற்பறையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்.

"நான் எதுக்கு அண்ணா உங்க சர்ச்சுக்கு? ஸ்பிரிட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா இன்னா சொல்றது? எக்சைஸ்காரன் காதுல வுழுந்தா?"

"எங்கேர்ந்துன்னு சொல்ல வேணாம். எஞ்சட்டையில எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொன்னா போதும்."

கோவர்த்தனன் மாமாவின் தோளில் கை வைத்தார். "கார் ஜெயிக்கட்டும். கப்ப எடுத்துகினு நேரா உங்க சர்ச்சுக்கே வர்றேன். போட்டோக்காரன கூட்டிகினு வர்றேன். போதுமா?"

மாமா அதை நம்பினார். அவரைப்போல எதையும் அளந்து பார்க்கிற ஒருவர் இந்த ஒரு விஷயத்தை மட்டும் அளக்காமல் எப்படி நம்பினார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வேறு வழியில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பந்தயம் ஜனவரி கடைசிச் சனிக்கிழமை. மாமா முந்தின நாளே வடமாலபேட்டை வழியாகக் காரோடு போனார். ஷெட்டில் இருந்த கேன்களில் அவர் முன்கூட்டியே விளக்கெண்ணெய் கலந்துவிட்டதால் எர்னஸ்ட் அவற்றைத் தொடவில்லை. ஆனால் அவை பரிசோதனை ஓட்டத்திலேயே தீர்ந்துவிட்டன. பந்தயத்துக்கான டிரம்மை எர்னஸ்ட் நேராகச் சோழவரத்துக்குக் கொண்டுவந்தான். அங்கே நடந்ததை மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை.

டிரம்மிலிருந்து ஒரு பக்கெட் எடுத்து அதில் விளக்கெண்ணெயை ஊற்றினார். அது கரையவில்லை. பக்கெட் முழுவதும் கஞ்சித் தண்ணீர்போல வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் எண்ணெய் பிரிந்து திட்டுத் திட்டாக நின்றது.

"தண்ணி கலந்திருக்குது" என்றார்.

"பனியில வெச்சிருந்தோம், மாமா. பனி எறங்கியிருக்கும்" என்றான் எர்னஸ்ட். அவன் கண்கள் சிவந்திருந்தன. காலை எட்டு மணி.

"மூடி போட்ட டிரம்முல பனி எறங்குச்சா? எத்தன சொம்புப் பனி?"

வேறு ஸ்பிரிட்டுக்கு வழியில்லை. மாமா தீப்பெட்டிகளை எடுத்தார். தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டில் பலம் குறைவு. அதே பலம் வேண்டுமானால் அதிகம் இறங்க வேண்டும். குறைவாக இறங்கினால் இஞ்சின் பட்டினியில் கொதித்து, பிஸ்டன் உருகிவிடும். நூற்றைம்பதைக் கழற்றிவிட்டு நூற்றி அறுபதைப் பூட்டினார்.

கோவர்த்தனனிடம் சொன்னார்: "இன்னைக்கு நூத்தி அறுபதுதான். ஸ்பீடு கொஞ்சம் கம்மியா வரும். ஆனா கடைசி வரைக்கும் ஓடும்."

"ஸ்பீடு கம்மியா வர்றதுக்கா அண்ணா உங்கள கூட்டிகினு வந்தேன்?"

"தண்ணிய ஊத்திட்டு என்ன கேட்டா? டிரம்ம கொண்டாந்தவன கேளுங்க."

மாமா கை கழுவ, தண்ணீர் லாரி நின்ற இடத்துக்குப் போனார். அங்கே வரிசை. அவர் திரும்பி வருவதற்குள் கார் கோட்டில் நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் அதன் பின்னால் நீலமாகப் புகை வந்தது. அதன்பின் ஒரு சத்தம். காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

மாமா நேராகப் போய்க் கார்புரேட்டரைத் திறந்து பார்த்தார். உள்ளே நூற்றி நாற்பத்தைந்து. பெரிய துளை போட்டதால்தான் போன தடவை இஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை, சின்னதைப் போட்டால்தான் வேகம் என்று எர்னஸ்ட் சொல்லியிருக்கிறான். கோவர்த்தனன் தன் கையாலேயே மாற்றியிருக்கிறார். அந்த மைதானத்தில் எல்லோர் முன்னாலும் அவர் கத்தியது வேறு:

"குடிச்சிட்டு வந்து ஜெட்டு போட்டான்யா இந்த ஆளு! மொகந்து பாருங்க, சட்டைய மொகந்து பாருங்க!"

மாமா இஞ்சினைப் பிரித்துக் கழற்றிய பிஸ்டனையும் அந்த இரண்டு ஜெட்டுகளையும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஊருக்கு வந்தார்.

அடுத்த புதன்கிழமை கமிட்டி கூடியது. கமிட்டியின் குறிப்புகளை எழுதுவது என் வேலை. தமிழில் எழுதி, தலைமை அலுவலகத்துக்குத் தெலுங்கில் ஒரு நகல் அனுப்ப வேண்டும். போதகரோடு சேர்த்து மேஜையைச் சுற்றி ஏழு பேர். எர்னஸ்ட் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்; சலவைச் சட்டை, நெற்றிவரை எண்ணெய் வைத்துச் சீவிய தலை.

தேவானந்தம் ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். தெலுங்கில் இருந்தது. "படிச்சி தமிழ்ல சொல்லும்மா."

கோவர்த்தனன் எழுதியது. சோழவரத்தில் ஏசுரத்தினம் மது அருந்திய நிலையில் இருந்தார் என்றும், தவறான ஜெட்டைப் பூட்டி இஞ்சினை நாசமாக்கினார் என்றும், இதைத் தகுந்தவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருவது தன் கடமை என்றும் இருந்தது. சர்ச்சுக்கு வருவதாகச் சொன்னவர் வராமல் இதை அனுப்பியிருந்தார். அதை என் வாயால் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

மாமா துணியைப் பிரித்துப் பிஸ்டனை மேஜைமேல் வைத்தார். அதன் தலையில், பணியாரக் குழிபோல, உருகி ஒரு ஓட்டை. பக்கத்தில் இரண்டு ஜெட்டுகள்.

"போதகரய்யா, இதுல நம்பர் இருக்குது. நூத்தி நாப்பத்தஞ்சு. நான் போட்டது நூத்தி அறுபது. தண்ணி கலந்த ஸ்பிரிட்டுக்கு இத்த போட்டா பிஸ்டன் நிக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சவன் போடுவானா?"

போதகர் பிஸ்டனைப் பார்த்தார். பிறகு தேவானந்தத்தைப் பார்த்தார். போதகர் நல்லவர்தான், அந்த நல்ல குணத்தால் யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இருந்ததில்லை.

"மேஜ விரிப்புல கிரீஸ் ஆவுது" என்றார் தேவானந்தம். "நம்பரு, துளை இதெல்லாம் சபைக்கு எதுக்கு, ஏசுரத்தினம்? நாங்க மெக்கானிக்கா? குடிச்சியா இல்லியா, அதான் கேள்வி. ஒரு வரி எழுதிக் குடுத்துடு. தெரியாம நடந்துபோச்சு, மன்னிக்கணும்னு. இந்த ஞாயித்துக்கிழமையே உன்ன சேர்த்துக்கறோம். யாரும் உன்ன தள்ளி வெக்க ஆசப்படல."

"குடிக்காததுக்கு எப்படி சார் மன்னிப்பு கேக்கறது?"

"இவ்ளோ வீம்பு ஆவாதுப்பா."

"ஸ்பிரிட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேளுங்களேன். ஏன் யாரும் கேக்கல?"

யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாததால்தான். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் பேனா நோட்டின்மேல் சும்மா நின்றது.

மாமா எழுந்து நின்றார். கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை நீட்டினார்.

"சரி. நான் ஊதுறேன். இன்னைக்கு ஷெட்டு தொறக்கல. குளிச்சிட்டு, தொவச்ச சட்ட போட்டுகினு வந்திருக்கேன். எத்தன வாட்டி வேணும்னாலும் மொகந்து பாருங்க. ஆனா நான் மட்டும் இல்ல. இந்த மேஜையில உக்காந்திருக்கற எல்லாரும் ஊதணும். என் கையில இல்ல, போதகரய்யா கையிலயே ஊதட்டும். ஜன்னல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

எர்னஸ்ட் வாயை இறுக மூடிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்தான். அவன் உட்கார்ந்த பக்கத்திலிருந்து அந்தப் புளித்த பாகின் வாசனை கூட்டம் தொடங்கியதிலிருந்தே வந்துகொண்டிருந்தது. சோப்பு வாசனைக்கு அடியில் அது இருந்தது. அவனுடைய தகப்பனார் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"இதென்ன சந்தையா?" என்றார் தேவானந்தம். மகன் பக்கம் அவர் திரும்பவில்லை. "மரியாதையானவங்கள ஊதச் சொல்றதா? நேரமாச்சு, ஐயா. ஜெபத்தோட முடிச்சிடலாம்."

என்னைப் பார்த்து, எழுதிக்கொள்ளும்படி சொன்னார்: "போதிய ஆதாரம் இல்லாததால் விசாரணை கைவிடப்படுகிறது. சகோதரர் ஏசுரத்தினம் வழக்கம்போல் திருவிருந்தில் பங்குபெறலாம்." எழுதினேன். தெலுங்கு நகலில் அது இன்னும் கண்ணியமாக வந்தது.

ஆக, மாமாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தபீதாள் அத்தை அழுதுவிட்டார். பிப்ரவரி முதல் ஞாயிறு கறிக்குழம்புக்கு என்னையும் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார்.

அந்த ஞாயிறு மாமா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். அவருடைய வரிசை எழுந்தபோது அவரும் எழுந்து போய், கம்பியின்முன் முழங்காலிட்டார். அவருக்கு இடப்பக்கம் எர்னஸ்ட் வந்து முழங்காலிட்டான். இடம் அப்படி அமைந்ததா, எல்லாம் சரியாகிவிட்டது என்று சபைக்குக் காட்டுவதற்காகத் தேவானந்தம் அப்படி அனுப்பினாரா, எனக்குத் தெரியாது. எங்கள் சபையில் ரசத்துக்கு ஒரே கிண்ணம்தான். வெள்ளிக் கிண்ணம், எல்லோரும் அதில்தான் வாய் வைப்போம். போதகர் ஒவ்வொருவருக்கும் பிறகு விளிம்பைத் துணியால் ஒரு துடை துடைத்து, கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பி அடுத்தவருக்கு நீட்டுவார்.

எர்னஸ்ட் குடித்தான். கிண்ணத்துக்குள் அவன் மூச்சுவிட்ட சத்தம் மூன்றாவது பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது. போதகர் துடைத்தார், திருப்பினார், மாமாவின் உதட்டருகே கொண்டுபோனார்.

மாமாவின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அது ஒரு நொடி அசையாமல் நின்றது. தலை மெல்லப் பின்னால் போயிற்று. போதகர் கிண்ணத்தை இன்னும் நெருக்கினார். மாமா கம்பியைப் பிடித்து எழுந்தார். நடு வழியில் நடந்து, யாரையும் பார்க்காமல், செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்னால் யாரோ, "பார்த்தியா, குத்தமுள்ள மனசு" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை போதகர் ஷெட்டுக்கு வந்தார். மாமா ஒரு நாசிலைப் பிரித்துப் போட்டிருந்தார். நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"ஏன்பா அப்படி எழுந்து போய்ட்டே? எல்லாந்தான் சரி பண்ணியாச்சே."

"கிண்ணத்துல அந்த வாசன இருந்துச்சு, ஐயா."

"திராட்ச ரசம்பா அது. நானே காய்ச்சினது."

"உங்க ரசத்த சொல்லல. தொடச்சா போவற வாசன இல்ல அது. ரெண்டு மாசம் அதுலயே முழுகி இருந்தேன், எனக்குத் தெரியாதா?" அவர் தலை நிமிராமலே பேசினார். "எங்க நைனா வாயில வந்த வாசன அது. அதுல நான் வாய் வெக்க மாட்டேன். இனிமே என்ன கூப்பிடாதீங்க."

"அவன் சின்னப் பையன்பா. திருந்துவான்."

"திருந்தட்டும். அதுக்கு நீங்க அவன ஊதச் சொல்லி மொகந்து பார்த்திருக்கணும். என்ன ஊதச் சொன்னீங்க."

போதகர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். போகும்போது என்னிடம், கமிட்டிப் பதிவேட்டில் சகோதரர் ஏசுரத்தினம் சொந்த விருப்பத்தால் விலகிக்கொண்டார் என்று எழுதிவிடச் சொன்னார்.

எர்னஸ்ட் அடுத்த வருடம் சபையின் பொருளாளரானான். தேவானந்தம் இன்றும் வாசலில் நிற்கிறார். கோவர்த்தனன் வேறு கார் வாங்கிவிட்டதாகக் கேள்வி. மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வருவார். பிரசங்கம் முழுவதும் கேட்பார். முதல் ஞாயிறுகளில் கிண்ணத்தை மூடியிருக்கும் வெள்ளைத் துணியைப் போதகர் எடுக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவார். ஆரம்பத்தில் தபீதாள் அத்தை உட்கார்ந்தே இருந்தார். சில மாதங்களுக்குப் பிறகு அவரும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து பின்னாலேயே போகத் தொடங்கினார்.